பெயர் சொல்லிக் கடன் வாங்குவோம்

நன்னூலுக்கு எழுந்த உரைகளுள் தலைசிறந்ததாகப் போற்றப்படும் விருத்தியுரை, நெல்லை மண் தந்தது. பதினேழாம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சங்கர நமச்சிவாயர் அதை இயற்றினார். அடுத்த நூற்றாண்டில், தாமிரவருணிக் கரையிலுள்ள விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்த சிவஞான முனிவர் அதைத் திருத்தியும் விரித்தும் அமைத்தார். சிவஞான முனிவரின் புலமை உலகறிந்தது. ஆயினும், சங்கர நமச்சிவாயர் செய்து சிவஞான முனிவர் திருத்திய உரை என்று இருவர் பெயரையும் தாங்கித்தான் அந்நூல் இன்றளவும் அச்சாகிறது.

1891-இல் வெளிவந்த 'மனோன்மணீயம்' நாடகத்தின் கதைக்கரு, ஆங்கில எழுத்தாளர் லிட்டன் பிரபுவின் 'இரகசிய வழி' என்னும் கதையிலிருந்து பெறப்பட்டது. பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை அதை மறைக்கவில்லை, தாமே தெரிவித்தார். அதனால் அவர் புகழ் ஒரு சிறிதும் குறையவில்லை. 1990-இல் திருநெல்வேலியில் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம் அந்த நாடகத்தின் பெயரோடு சேர்த்தே அவர் பெயரைச் சூடிக்கொண்டது.

முதல் நூல், வழி நூல், சார்பு நூல் என்று நூல்களை வகைப்படுத்திய மரபு நம்முடையது. பிறரிடமிருந்து பெறுவதை அம்மரபு இழிவாகக் கருதவில்லை. எங்கிருந்து பெற்றோம் என்பதைச் சொல்ல வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. இந்த எளிய நேர்மை இன்று நம் ஆய்விதழ்களிலும் ஆய்வேடுகளிலும் எந்த நிலையில் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும்போது, முப்பதாண்டுகளுக்கு மேல் பொருளாதாரம் கற்பித்த எனக்குக் கவலையே மிஞ்சுகிறது.

எங்கள் பகுதியில் பொருளாதாரம், வணிகவியல், சமூகவியல் ஆய்வேடு எதை எடுத்தாலும் 'ஆய்வுப் பகுதி அறிமுகம்' என்று ஓர் இயல் இருக்கும். மாவட்டத்தின் பரப்பு, மழையளவு, தாமிரவருணியின் அணைக்கட்டுகள், வாழை, நெல், பீடி, பத்தமடைப் பாய் என்று அது விரியும். திருநெல்வேலி சந்திப்பு அருகே ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து கொடுத்த கடை ஒன்றில், ஒரு மாணவரிடம் கடைக்காரர் சொன்னதை என் காதால் கேட்டேன்: 'அந்தச் சாப்டர் நம்மகிட்டயே இருக்கு தம்பி, ஊர் பேரை மட்டும் மாத்திக்கிடலாம்.'

விளைவு என்ன? தூத்துக்குடி 1986-இலேயே தனி மாவட்டமாகிவிட்டது. ஆனால், அதற்குப் பல ஆண்டுகள் கழித்து என்னிடம் மதிப்பீட்டுக்கு வந்த ஓர் ஆய்வேடு, தூத்துக்குடித் துறைமுகத்தைத் திருநெல்வேலி மாவட்டத்தின் வளங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டிருந்தது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பின்னரும், பழைய வட்டங்களின் பட்டியல் அப்படியே ஆய்வேடுகளில் தொடர்வதைக் கண்டிருக்கிறேன். தகவல் எவரிடமிருந்து வந்தது என்று எவருக்கும் தெரியாதபோது, பிழையும் எவருடையதும் அல்லாததாகி, தலைமுறை தலைமுறையாகப் பயணம் செய்கிறது.

எது எழுத்துத் திருட்டு?

பிறர் எழுதிய வரிகளை மேற்கோள் குறியும் ஆதாரமும் இன்றி எடுத்தாள்வது எழுத்துத் திருட்டு என்பதை எல்லாரும் அறிவர். ஆனால், அதன் வடிவங்கள் பல. சொற்களை மட்டும் மாற்றிக் கருத்தையும் வாத வரிசையையும் அப்படியே எடுத்துக்கொள்வது ஒரு வகை. ஆங்கிலக் கட்டுரையைத் தமிழில் மொழிபெயர்த்துத் தம் பெயரில் வெளியிடுவது மற்றொரு வகை. கள ஆய்வு அட்டவணைகளையும் வினாநிரல்களையும் களவாடுவது மூன்றாவது. சமூக அறிவியலில் மிகக் கொடியது இதுவே. ஏனெனில், ஒரு வரியை எழுத ஒரு மணி நேரம் ஆகலாம். ஓர் அட்டவணையின் ஓர் எண்ணுக்குப் பின்னால் ஒரு மாத அலைச்சல் இருக்கிறது.

தாம் முன்பு எழுதியதையே புதியதுபோல மீண்டும் வெளியிடுவதும் குற்றமே. 2011-இல் சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற பொருளாதார அறிஞர் புரூனோ ஃபிரை, 'டைட்டானிக்' கப்பல் விபத்தில் பிழைத்தவர்கள் குறித்த ஒரே ஆய்வைத் தம் சக ஆசிரியர்களுடன் பல ஆய்விதழ்களில், ஒன்றை மற்றொன்றில் குறிப்பிடாமல் வெளியிட்டது தெரியவந்தது. அவற்றுள் ஒன்றின் ஆசிரியரான டேவிட் ஆட்டர், தாம் அனுப்பிய கண்டனக் கடிதத்தையும் ஃபிரையின் மன்னிப்புக் கடிதத்தையும் இதழிலேயே வெளியிட்டார். நம் பல்கலைக்கழக மானியக் குழுவும் 2020-இல், தம் பழைய எழுத்தைச் சுட்டாமல் மீண்டும் பயன்படுத்துவதை ஏற்க இயலாது என்று அறிவித்தது.

நான் செய்த தவறு

இதை எழுதுவதற்கு எனக்குத் தகுதி உண்டா என்று ஐயுற வைக்கும் ஒரு நிகழ்வை இங்கே சொல்லியாக வேண்டும். என் நெறியாள்கையில் ஆய்வு செய்த மாணவி ஒருவர், பீடி சுற்றும் குடும்பத்திலிருந்து வந்தவர். முக்கூடல், கடையம், ஆலங்குளம் வட்டாரங்களில் 240 பீடித் தொழிலாளர் குடும்பங்களை இரு சுற்றுகளாகச் சந்தித்துத் தரவு திரட்டினார். இரண்டாம் சுற்றுக்குள் ஒரு குடும்பம் கேரளத்துக்குப் பிழைக்கப் போய்விட்டது. எனவே, சில அட்டவணைகளில் கூட்டுத்தொகை 239 என்று நிற்கும். அதற்கான காரணத்தை அடிக்குறிப்பில் எழுதியிருந்தார். 2013-இல் பட்டம் பெற்றார்.

2016-இல் ஓர் ஆய்விதழ் எனக்கு ஒரு கட்டுரையை மதிப்பீட்டுக்கு அனுப்பியது. எழுதியவர் பெயர் வழக்கப்படி மறைக்கப்பட்டிருந்தது. படிக்கத் தொடங்கியதும் எங்கோ பார்த்ததுபோல் இருந்தது. கட்டுரையில் 240 குடும்பங்கள் என்றிருந்தது. மூன்றாவது அட்டவணையின் அடியில் 239 என்றிருந்தது. அடிக்குறிப்பு மட்டும் இல்லை. அந்த ஓர் எண் போதுமானதாக இருந்தது.

நான் என்ன செய்தேன்? 'வெளியிடத் தக்கதன்று, ஓர் ஆய்வேட்டிலிருந்து எடுக்கப்பட்டதாகத் தோன்றுகிறது' என்று இரண்டு வரி எழுதி அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். சான்றுப் பக்கங்களை இணைக்கவில்லை. விசாரிக்குமாறு கோரவில்லை. இதழும் கட்டுரையை நிராகரித்ததோடு நின்றுகொண்டது. சில மாதங்களில் அதே கட்டுரை, கட்டணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் வேறோர் இதழில் வெளிவந்தது. அது எனக்குத் தெரியாது.

2019-இல், கௌரவ விரிவுரையாளராகப் பணியாற்றிக்கொண்டிருந்த அந்த மாணவி, தம் ஆய்வேட்டிலிருந்து ஒரு கட்டுரையை நல்ல இதழ் ஒன்றுக்கு அனுப்பினார். மென்பொருள் சோதனையில் 62 விழுக்காடு ஒப்புமை என்று வந்தது. எதனுடன் ஒப்புமை? அவரிடமிருந்து களவாடப்பட்ட அந்தக் கட்டுரையுடன்தான். அவருடைய ஆய்வேடு அதுவரை இணையக் களஞ்சியத்தில் ஏற்றப்படவில்லை. நூலக அடுக்கில் தாள் வடிவில் மட்டுமே இருந்தது. மென்பொருளின் கண்ணுக்குத் திருடியவர் முதல்வராகவும், பறிகொடுத்தவர் திருடராகவும் தெரிந்தனர். இதழ் அவருடைய கல்லூரிக்கும் கடிதம் எழுதிவிட்டது.

நூலகப் பதிவேட்டின் நகல், வாய்மொழித் தேர்வு அறிவிப்பு, அவர் வீட்டுப் பரணில் சாக்கில் கட்டி வைத்திருந்த நிரப்பப்பட்ட வினாநிரல்கள் ஆகியவற்றைத் திரட்டி அவர் குற்றமற்றவர் என்று நிறுவ ஐந்து மாதங்கள் ஆயின. அதற்குள் ஒரு நேர்காணல் அவரைக் கடந்து போய்விட்டது. எல்லாம் முடிந்த பின் அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: 'மூணு வருஷம் முன்னாடியே உங்களுக்குத் தெரியும்லா சார்?'

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மதிப்பீட்டாளர் இரகசியம் காக்க வேண்டியவர் என்பது உண்மை. ஆனால், சான்றுகளுடன் இதழாசிரியருக்கு முறையாக எழுதுவதையோ, உரியவருக்குத் தெரிவிக்குமாறு அவரைக் கோருவதையோ அந்த விதி தடுக்கவில்லை. என்னைத் தடுத்தது 'நமக்கேன் வம்பு' என்ற எண்ணம் மட்டுமே.

இதழாசிரியர் என்ன செய்ய வேண்டும்?

1997-இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட பதிப்பு அறநெறிக் குழு, இத்தகைய சூழலில் படிப்படியாக என்ன செய்ய வேண்டும் என்று தெளிவான வழிகாட்டுதல்களை வகுத்துள்ளது. அதன் சாரம் எளியது. முதலில், ஒப்புமை எவ்வளவு, எத்தகையது என்பதை இதழாசிரியர் தாமே படித்துப் பார்க்க வேண்டும். ஒரு சில சொற்றொடர்கள் மட்டும் பொருந்தினால், குறிப்பாக அனுபவமற்ற இளம் ஆய்வாளராக இருந்தால், ஆதாரம் சுட்டித் திருத்தி எழுதச் சொல்வது போதும். பெரும்பகுதியோ தரவோ எடுக்கப்பட்டிருந்தால், இரு படைப்புகளையும் அருகருகே வைத்த சான்றுடன் கட்டுரையாளரிடம் விளக்கம் கேட்க வேண்டும். குற்றம் சாட்டும் தொனி அக்கடிதத்தில் கூடாது. விளக்கம் நியாயமானதாகவும் இருக்கலாம். பதில் இல்லையெனில் சக ஆசிரியர்கள் அனைவருக்கும் எழுத வேண்டும். அதுவும் பயன் தராவிட்டால், அவர் பணியாற்றும் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். புகார் செய்தவருக்கு முடிவைச் சொல்ல வேண்டும்.

கட்டுரை ஏற்கெனவே வெளியாகிவிட்டால், குற்றத்தின் அளவுக்கேற்பத் திருத்த அறிவிப்போ, கட்டுரையைத் திரும்பப் பெறும் அறிவிப்போ வெளியிட வேண்டும். திரும்பப் பெறுதல் என்பது இணையத்திலிருந்து சத்தமின்றி நீக்கிவிடுவதன்று. கட்டுரை அங்கேயே இருக்க வேண்டும். அது திரும்பப் பெறப்பட்டது என்ற முத்திரையும், ஏன் என்ற காரணமும் படிப்பவர் கண்ணில் பட வேண்டும். நிராகரிப்பதோடு நின்றுவிடும் இதழ், திருடப்பட்ட பொருளை அடுத்த கடைக்கு அனுப்பி வைக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் இதற்கெனப் பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் விதிமுறைகளை வெளியிட்டது. 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 விழுக்காடு வரை என்றால், ஆய்வேட்டைத் திருத்தி ஆறு மாதங்களுக்குள் மீண்டும் அளிக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால், திருத்திய ஆய்வேட்டை அளிக்க ஓராண்டு தடை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கும் இதே படிநிலைகள். முதல் நிலையில் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். இரண்டாம் நிலையில், அதனுடன் ஓர் ஆண்டு ஊதிய உயர்வு மறுக்கப்படும். இரண்டு ஆண்டுகளுக்குப் புதிய ஆய்வு மாணவர்களை ஏற்க இயலாது. மூன்றாம் நிலையில் இரண்டு ஊதிய உயர்வுகளும் மூன்று ஆண்டுகள் நெறியாளர் தகுதியும் பறிபோகும். துறை அளவில் ஒரு குழு, நிறுவன அளவில் ஒரு குழு என இரண்டு குழுக்கள் விசாரிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 45 நாள் அவகாசம். மேற்கோள்கள், நூற்பட்டியல், முன்னுரை, நன்றியுரை, சட்டப் பகுதிகள், பொதுவாக அறியப்பட்ட 14 சொற்கள் வரையிலான தொடர்கள் ஆகியவை கணக்கில் சேரா.

இவ்விதிகள் வரவேற்கத்தக்கவை. ஆனால், விழுக்காட்டை மட்டும் நம்புவதில் பெருங்குறை உண்டு. ஓர் ஆய்வின் உயிர்நாடியான கருத்தை ஒரே பத்தியில் களவாடியவர் 4 விழுக்காட்டுடன் தப்பிவிடுவார். தம் முறையியலை நேர்மையாக விளக்க வழக்கமான தொடர்களைப் பயன்படுத்தியவர் 14 விழுக்காட்டில் சிக்கிக்கொள்வார். மென்பொருள் காட்டுவது ஒப்புமையை, திருட்டை அன்று. அதைத் தீர்மானிக்க, படித்துப் பார்க்கும் ஒரு மனிதர் வேண்டும்.

தமிழில் சிக்கல் இன்னும் ஆழமானது. ஒருங்குறி பரவலாவதற்கு முன் பல்வேறு எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட ஆய்வேடுகளை மென்பொருள் வாசிக்க முடியாது. படமாக வருடி ஏற்றப்பட்டவையும் அப்படியே. ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டதைக் கண்டுபிடிப்பது அரிதினும் அரிது. எனவே தமிழ் ஆய்வேடுகளில் 'பூஜ்ய விழுக்காடு' என்று வரும் சான்றிதழ், பல நேரங்களில் மென்பொருளின் எழுத்தறிவின்மைக்கான சான்றிதழே.

நோயின் வேர்

பொருளாதார மாணவன் என்ற முறையில், எதையும் ஊக்கத்தொகையின் கோணத்தில் பார்ப்பது என் வழக்கம். ஓர் அளவுகோலே இலக்காகிவிட்டால், அது நல்ல அளவுகோலாக இருப்பதை நிறுத்திவிடுகிறது என்பது பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் பெயரால் வழங்கும் விதி. 2010-இல் ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கையைப் புள்ளிகளாக்கியபோது அதுதான் நிகழ்ந்தது. கட்டுரைக்குத் தேவை பெருகியது. அதை நிறைவு செய்யப் போலி ஆய்விதழ்கள் முளைத்தன. 2014-இல் உலகெங்கும் இத்தகைய இதழ்களில் ஏறத்தாழ 4,20,000 கட்டுரைகள் வெளியானதாகவும், ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கட்டுரையாளர்களுள் சுமார் 35 விழுக்காட்டினர் இந்தியர் என்றும் ஷென், பியோர்க் என்னும் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர்.

தரம் தெரியாத சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்று ஜார்ஜ் ஆகர்லாஃப் 1970-இல் விளக்கினார். பழைய கார்களைப் பற்றி அவர் எழுதியது நம் ஆய்விதழ்களுக்கும் பொருந்துகிறது. 2018 மே மாதத்தில் மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது; புதிய பட்டியல் ஒன்றை உருவாக்கியது; 2025-இல் அதையும் கைவிட்டது. முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022-இல் நீக்கியது சரியான முடிவு. ஆயினும், எண்ணிக்கை மோகம் இன்னும் நம்மை விட்டபாடில்லை.

மறைத்தலும் ஒப்புதலும்

திருப்பதியில் ஒரு வேதியியல் பேராசிரியர் 2004 முதல் 2007 வரை 70-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் களவாடியோ புனைந்தோ 25 ஆய்விதழ்களில் வெளியிட்டது 2008-இல் அம்பலமாயிற்று. அதற்கு முன், 2002-இல் குமாவுன் பல்கலைக்கழகத் துணைவேந்தரே ஸ்டான்ஃபோர்டு இயற்பியலாளர் ரெனாட்டா காலோஷின் கட்டுரையிலிருந்து எடுத்தாண்டதாகப் புகார் எழுந்தது. ஸ்டான்ஃபோர்டு அறிஞர்கள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமுக்கே கடிதம் எழுத வேண்டியதாயிற்று. விசாரணைக்குப் பின் 2003-இல் அவர் பதவி விலகினார்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு. காப்புரிமைச் சட்டம் குறித்து ஆர்.ஏ. மாஷேல்கர் தலைமையிலான வல்லுநர் குழு 2006 டிசம்பரில் அளித்த அறிக்கையில், சட்ட அறிஞர் ஷம்நாத் பஷீரின் ஆய்விலிருந்து வரிகள் ஆதாரமின்றி இடம்பெற்றிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. மாஷேல்கர் தவற்றை ஒப்புக்கொண்டு, 2007 பிப்ரவரியில் அறிக்கையைத் திரும்பப் பெற்றார். தவறு நேர்ந்த பின் மதிப்பைக் காப்பாற்றும் வழி விரைந்த ஒப்புதல் ஒன்றே.

என்ன செய்யலாம்?

தண்டனை, திருட்டுக்குப் பின் வருவது. தடுப்பு, வகுப்பறையில் தொடங்க வேண்டும். முதலாவதாக, மேற்கோள் காட்டும் முறையை முதுகலை முதலாண்டிலேயே பயிற்சியாகக் கற்பிக்க வேண்டும். என்னிடம் சிக்கிய மாணவர்களுள் பாதிப் பேர் திருடர்கள் அல்லர். எப்படிக் குறிப்பெடுப்பது என்று எவரும் சொல்லித் தராதவர்கள். படிக்கும்போதே நூற்பெயரையும் பக்க எண்ணையும் குறித்துக்கொள்ளும் பழக்கம் ஒன்றே பாதி நோயைத் தீர்க்கும்.

இரண்டாவதாக, பட்டம் வழங்கப்பட்டவுடன் ஆய்வேட்டை 'சோத்கங்கா' களஞ்சியத்தில் தாமதமின்றி ஏற்ற வேண்டும். விதி ஏற்கெனவே இருக்கிறது. தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் உழைத்தவரின் உரிமை பாதுகாப்பின்றிக் கிடக்கிறது. பழைய ஆய்வேடுகளை ஒருங்குறிக்கு மாற்றி ஏற்றும் பணியையும் தமிழகப் பல்கலைக்கழகங்கள் மேற்கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, நம் கல்லூரிகள் நடத்தும் சிறிய ஆய்விதழ்கள் ஒவ்வொன்றும் தன் எழுத்துத் திருட்டுக் கொள்கையை முதல் பக்கத்தில் அச்சிட வேண்டும். யாரிடம் புகார் செய்வது, எத்தனை நாளில் பதில் வரும் என்பது அதில் இருக்க வேண்டும். கள ஆய்வுக் கட்டுரையானால், நிரப்பப்பட்ட வினாநிரல்களின் மாதிரிகளைக் கேட்டுப் பார்க்கலாம். தரவு தம்முடையதாக இருப்பவர் அதைக் காட்டத் தயங்கமாட்டார்.

நான்காவதாக, நெறியாளர் ஆய்வேட்டை உண்மையிலேயே படிக்க வேண்டும். இதை ஒரு பரிந்துரையாக எழுத வேண்டியிருப்பதே நாணத்தக்கது. இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எந்த மென்பொருளுக்கும் சிக்காத உரைநடையை நொடியில் எழுதித் தருகின்றன. அக்கருவியை ஆசிரியராகக் குறிப்பிட இயலாது என்று பதிப்பு அறநெறிக் குழு 2023-இல் கூறிவிட்டது. பயன்படுத்தியிருந்தால் வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும். ஆனால், மாணவரின் நடையை ஆண்டுக்கணக்கில் படித்துப் பழகிய நெறியாளரை எந்தக் கருவியாலும் எளிதில் ஏமாற்ற முடியாது.

ஐந்தாவதாக, மதிப்பீட்டாளராக இருப்பவர்கள், ஐயம் எழுந்தால் இரண்டு வரியோடு நிறுத்திவிடக் கூடாது. சான்றுடன் எழுதுங்கள், முடிவு என்னவாயிற்று என்று கேளுங்கள். அந்த ஒரு மணி நேர உழைப்பை நான் அன்று செய்திருந்தால், ஓர் இளம் ஆய்வாளரின் ஐந்து மாதங்கள் வீணாகியிருக்க மாட்டா.

அந்த மாணவி இப்போது வேறொரு கல்லூரியில் பணியாற்றுகிறார். அவருடைய கட்டுரை, 239-க்கான அடிக்குறிப்புடன், பின்னர் வெளிவந்தது. தம் மாணவர்களிடம், நிரப்பிய வினாநிரல்களை எந்நாளும் எடைக்குப் போட்டுவிடக் கூடாது என்று சொல்லித் தருகிறாராம். நல்ல அறிவுரைதான். ஆனால், தம் உழைப்பு தம்முடையதே என்று மெய்ப்பிக்க ஓர் ஆய்வாளர் ஆயுள் முழுவதும் பரணில் சாக்கு மூட்டையைக் காக்க வேண்டிய நிலை, சங்கர நமச்சிவாயரையும் சிவஞான முனிவரையும் தந்த இந்த மண்ணுக்குப் பெருமை தருவதன்று.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு), திருநெல்வேலி.